எப்போது ஆரம்பித்தது

மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்து எண் எழுதிக் கொடுக்கும் வேலை அக்காவுக்கு. வயதில் மூத்தவர்கள் கூட அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதே முக்காலி, அதே இருட்டறை, எதிர்ச் சுவரில் அதே எழுத்துப் பலகை. செய்தித்தாளை ஒருவர் எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறார் என்பதை வைத்தே அவர் வயதைச் சொல்லிவிடுவாள்.

"நாப்பத்திரண்டு முடிஞ்சிருச்சா சார்?"

"அதெப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"வெள்ளெழுத்து பொய் சொல்லாது. தலைக்கு டை அடிக்கலாம், கண்ணுக்கு அடிக்க முடியுமா?"

ஒவ்வொன்றும் வருவதற்கு ஒரு வயது உண்டு என்பது அந்த முக்காலியில் அவள் கற்றுக்கொண்டது. கிட்டப்பார்வை பள்ளிக்கூட வயதில். வெள்ளெழுத்து நாற்பதைத் தாண்டி. புரை அறுபதை ஒட்டி. வரிசை தப்பி வருகிறவர்களைத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள். சொந்தத் தம்பி வரிசை தப்பிக்கொண்டிருந்தது மட்டும் அவள் கண்ணில் படவில்லை.

தம்பி அவளைவிட எட்டு வயது இளையவன். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேபில் வேலை. மெழுகில் கடைவாய்ப் பல்லைச் செதுக்கினான் என்றால் மேடு பள்ளமெல்லாம் அப்படியே வரும். போட்டுக்கொண்டவர் எது தன் பல், எது அவன் பல் என்று நாக்கால் துழாவித் தேட வேண்டியிருக்கும். லேபில் அவனுக்குப் பெயர் பல்லாண்டு. அவன் செய்த பல் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. பிறகு ஒன்று திரும்பி வந்தது. அப்புறம் வாரத்துக்கு இரண்டு. கத்தி வழுக்குகிறது என்றான். மெழுகு சரியில்லை என்றான். முதலாளி மெழுகை மாற்றிக் கொடுத்தார். அதன்பிறகும் பல் திரும்பித்தான் வந்தது. தோள் ஒரு பக்கம் குதித்தது. விரல்கள் யாரோ கூப்பிட்டதுபோல் திடீரென்று எழுந்தன.

ஒருநாள் கத்தி அவன் உள்ளங்கையிலேயே இறங்கியது. தையல் போட்ட டாக்டர், வெட்டுக்காயத்தைவிட அந்தத் தோளைத்தான் அதிகம் பார்த்தார். நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

நரம்பு டாக்டர் ஒரு பெண். அக்காவைவிட இளையவராகத்தான் இருப்பார். தம்பியைக் கோட்டின்மேல் நடக்கவிட்டார், நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். நாக்கு நிற்கவில்லை, உள்ளே போய்ப் போய் வந்தது. தம்பி, அவன் மனைவி, அக்கா மூன்று பேரையும் உட்காரவைத்து, "எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"ஒரு வருஷம் இருக்கும் டாக்டர்" என்றான் தம்பி.

"என்னங்க ஒரு வருஷம்? ரெண்டு வருஷத்துக்கு மேலயே ஆச்சு" என்றாள் அவன் மனைவி. "ஷேவ் பண்ணும்போது வெட்டிக்குவாரு."

"கையை விடுங்க. அதுக்கும் முன்னாடி? சட்டுனு கோபம், மறதி, எதுலயும் மனசு ஒட்டாம இருக்கிறது?"

தம்பி மனைவி கைப்பையின் வாரைத் திருகினாள். "எங்க பொண்ணு பாப்பா ரெண்டாவது படிக்கும்போது, கூட்டல் தப்பாப் போட்டதுக்கு நோட்டைக் கிழிச்சு எறிஞ்சாரு. அதுக்கு முன்னாடி இவர் குரல் ஒசந்து நான் கேட்டதில்ல. வேலை டென்ஷன்னு நெனச்சேன்."

பாப்பா இப்போது ஏழாவது, தம்பிக்கு முப்பத்தொன்பது. டாக்டர் தாளில் முப்பத்து நான்கு என்று எழுதினார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்ததா?"

"இல்லை டாக்டர்" என்று முந்திக்கொண்டு சொன்னவள் அக்காதான்.

"அப்பா?"

"அவர் குடிச்சே போயிட்டாரு. அம்பத்துமூணு வயசு. மாடிப்படியில உருண்டுட்டாரு."

"நடை எப்படி இருக்கும்?"

"குடிகாரன் நடை எப்படி இருக்கும்? ஒரு கால் இங்க, ஒரு கால் அங்க. நின்னா நிக்க மாட்டாரு, உட்கார்ந்தா உட்கார மாட்டாரு. தோளை இப்படி…"

தன் தோளைத் தூக்கிக் காட்டப்போனவள் நிறுத்திக்கொண்டாள். மேஜைக்குக் கீழே தம்பியின் கால் தரையைத் தட்டித் தட்டி எழுந்துகொண்டிருந்தது. முப்பது வருஷத்துக்குமுன் வீட்டுக் கூடத்தில் அவளைப் படிக்கவிடாமல் செய்த அதே சத்தம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர ஆறு வாரம் ஆனது. ஹன்டிங்டன் நோய் என்று டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். மருந்தால் அசைவைக் குறைக்கலாம், கோபத்தைக் குறைக்கலாம், நோயை நிறுத்த இன்னும் வழி வரவில்லை என்றார். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். தம்பி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். அந்த ஆட்டத்தில் எது அவன் ஆட்டியது, எது நோய் ஆட்டியது என்று தெரியவில்லை.

அக்காவுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. "பொறக்கும்போதே உள்ள இருந்ததுன்னா, இத்தனை வருஷம் எங்க போயிருந்தது டாக்டர்? பல்லுக்கு எத்தனை பொடிப்பொடி வேலை செஞ்ச கை இது."

"எல்லா வியாதிக்கும் ஒரே கடிகாரம் இல்லம்மா" என்றார் டாக்டர். "சில குழந்தைங்க பொறந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு வந்துடும். முதல் நாள்ல இருந்தே உடம்புக்கு வேண்டிய ஒண்ணு அதுங்ககிட்ட இருக்காது. மனசு கலங்குற வியாதி சிலது பதினெட்டு, இருபதுலதான் தலை காட்டும். மூளை தன்னைத் திருத்திக்கிற வயசு அது. புற்றுநோய்ல பெரும்பாலானதுக்கு ஒரு தப்பு போதாது. தப்பு மேல தப்பு சேரணும், அதுக்கே பல வருஷம் ஆயிடும். இது வேற மாதிரி. மரபணுவுல மூணு எழுத்து திரும்பத் திரும்ப வர்ற ஒரு இடம் இருக்கு. எல்லாருக்கும் இருக்கு. சிலருக்கு அது அளவு மீறி நீண்டுடும். அதனால மூளையில இருக்கிற செல் மெல்ல மெல்லக் கெடும். ஆனா அது லேசுல விழாது, முப்பது நாப்பது வருஷம் தாக்குப்பிடிக்கும். இதுக்கு மேல முடியாதுன்னு ஆகும்போதுதான் நமக்குத் தெரியுது. எழுத்து எவ்வளவு நீளமோ, பெரும்பாலும் அவ்வளவு சீக்கிரம். அப்பாகிட்ட இருந்து வரும்போது இன்னும் நீளலாம். அதான் அப்பாவுக்கு வந்த வயசுக்கு முன்னாடியே பிள்ளைக்கு வந்துடுது."

"ஏன் டாக்டர் இது அழிஞ்சு போகல?" என்று கேட்டவள் தம்பி மனைவி.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "தெரியிறதுக்குள்ள பிள்ளை பெத்துடறாங்க இல்லையா" என்றார்.

அறையில் யாரும் பாப்பாவின் பெயரை எடுக்கவில்லை.

அப்பாவுக்கு எத்தனை வயதில் ஆரம்பித்தது என்று தெரிந்தால் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் கேட்டிருந்தார். அப்பா பஸ் ஓட்டுநர். குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்று பயணிகள் புகார் கொடுத்து, நாற்பத்தெட்டு வயதில் வேலையைவிட்டு அனுப்பினார்கள். மறு வருஷம் அம்மா அவரை வீட்டைவிட்டு அனுப்பினாள். டயர் கடை மாடியில் ஓர் அறை எடுத்து நாலு வருஷம் தனியாகக் கிடந்து செத்துப்போனார். அக்காவுக்குத் தெரிந்த வரலாறு அவ்வளவுதான்.

அவள் பஸ் டெப்போவுக்குப் போனாள். அலுவலகக் குமாஸ்தா, "அந்தக் காலத்துக் கோப்பா? எலி விட்டு வச்சிருந்தா உங்க அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தும்மிக்கொண்டே ஒரு கட்டோடு வந்தார். கயிற்றை அவிழ்த்து, ஜன்னலோரப் பெஞ்சில் உட்காரவைத்தார்.

முதல் புகார் அப்பாவின் நாற்பத்தைந்தாவது வயதில். ஓட்டுநர் காரணமில்லாமல் பிரேக்கை மிதித்து மிதித்து எடுக்கிறார், வண்டி குலுங்குகிறது. அதன்கீழே அப்பாவின் விளக்கக் கடிதம். எழுத்துகள் கோட்டைவிட்டு மேலே ஏறியும் கீழே இறங்கியும் கிடந்தன. "நான் வேண்டுமென்று செய்யவில்லை. கால் தானாக எழும்புகிறது. டானிக் சாப்பிடுகிறேன். சரியாகிவிடும்."

அதற்குப் பின்னால் மூன்று ஆஸ்பத்திரித் தாள்கள் குத்தியிருந்தன. அப்பாவே கேட்டு எடுத்துக்கொண்ட ரத்தப் பரிசோதனைகள். மூன்றிலும் ஒரே வரி: மது அருந்திய தடயம் இல்லை. மூன்றாவது தாளின் ஓரத்தில் யாரோ ஓர் அதிகாரி பென்சிலால் எழுதியிருந்தார்: "பரிசோதனைக்குப் போகும் நாளில் குடிக்காமல் போயிருப்பார்."

அக்கா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அந்த அதிகாரியின்மேல் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று அந்தத் தாள் தன் கைக்கு வந்திருந்தாலும் தானும் அதையேதான் எழுதியிருப்போம் என்று தோன்றியது. "நான் குடிக்கலம்மா, ஊதிக் காட்டறேன் பாரு" என்று அப்பா வாயை அவள் முகத்தருகே கொண்டுவந்தபோது, மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தவள் அவள். மூக்கைப் பொத்தினால் வாசனை இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் பால்கனியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து. விவரம் முழுவதையும் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை.

"அப்பா குடிக்கலைன்னு எனக்குத் தெரியும்க்கா."

"உனக்கு எப்படிடா தெரியும்? அவர் வீட்டை விட்டுப் போகும்போது உனக்கு ஒன்பது வயசு."

"ஸ்கூல் விட்டதும் டயர் கடை மாடிக்குப் போவேன். வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள். சட்டை பட்டன் போட வராது அவருக்கு. நான் போட்டுவிடுவேன். ரூம்ல ஒரு பாட்டில் கூட இருந்ததில்ல. இப்படித்தான் கையை அடியில போட்டு உட்கார்ந்திருப்பாரு. ஏன்ப்பான்னு கேட்டா, சேட்டை பண்ற பசங்களை டீச்சர் உட்கார வைக்கிற மாதிரிடான்னு சிரிப்பாரு."

"நீ ஏன் எங்ககிட்ட சொல்லல?"

தம்பி அவளைப் பார்த்தான். "சொன்னேனேக்கா. உன்கிட்டதான் சொன்னேன். நீ அறைஞ்சே."

அக்காவுக்கு எதுவும் நினைவில்லை. எந்த அறை, எந்த நாள், எந்தக் கை, ஒன்றும் வரவில்லை.

"உன்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்களே, அந்த வாரம். தெருவுல அப்பாவைப் பார்த்துட்டு வேண்டாம்னு போயிட்டாங்கல்ல. நீ அழுதுக்கிட்டு இருந்தே. அப்ப போய், அப்பா குடிக்க மாட்டாருக்கான்னு சொன்னேன். அறை விழுந்துச்சு. அதுக்கப்புறம் நான் அங்க போகல."

"என்னால போகலையா?"

"பயம்தான். நீ அம்மாகிட்ட சொல்லிடுவேன்னு." அவன் தோள் குதித்தது. "விடுக்கா. நான் சின்னப் பையன், நீயும் ஒண்ணும் பெரியவ இல்ல."

அவளைத் தேற்றுவதற்காக அவன் சொன்னது அது. அவள் தேறவில்லை. பட்டன் போட்டுவிட ஆளில்லாமல் அந்த மாடியறையில் அப்பா எத்தனை நாள் திறந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார் என்பதுதான் மண்டையில் சுற்றியது.

அம்மா அக்காவுடன் இருந்தாள். எழுபத்தைந்து வயது. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி கல்மாதிரி. மறுநாள் மத்தியானம் அம்மா கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா, இந்த வயதில் எதற்கு என்று அக்கா வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். கடைசியில் எதிரே உட்கார்ந்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"அம்மா. அப்பா குடிக்கலம்மா. அது வியாதி. தம்பிக்கு இருக்கிற அதே வியாதி."

அம்மா ஒரு தலையணை உறையை நான்காக மடித்து, ஓரத்தை நீவிவிட்டாள்.

"குடிக்கலைன்னு எனக்குத் தெரியாதா? பக்கத்துல படுத்தவ நான்."

அக்கா கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"அவர் அப்பாவுக்கும் இருந்துச்சு" என்றாள் அம்மா. "நான் கல்யாணமாகி வந்தப்ப அவருக்கு அறுபது இருக்கும். கையும் காலும் சும்மா இருக்காது. வயசாச்சுன்னு சொல்லிக்கிட்டாங்க. அப்புறம் ஒருநாள் உங்கப்பா கால் தட்ட ஆரம்பிச்சப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நாப்பத்தஞ்சு வயசு ஆளை வயசாச்சுன்னு சொன்னா யார் நம்புவா? பைத்தியம்னு சொல்லுவாங்க. பரம்பரையில பைத்தியம்னு ஒரு பேச்சு வந்துட்டா உன்னை எவன் கட்டுவான்? குடின்னு சொன்னா பாதி வீட்டுல நடக்கிறதுதான், யாரும் தோண்ட மாட்டாங்க. அவங்களாதான் குடின்னு சொன்னாங்க. நான் இல்லைன்னு சொல்லல. அவ்வளவுதான்."

"அதுக்காக வெளிய அனுப்பினியாம்மா?"

"தட்டைத் தூக்கி எறிஞ்சாரு. உன் தம்பி நெத்தியில பட்டுச்சு. மறந்துட்டியா?" அம்மா கையிலிருந்த துணியைக் கட்டிலில் போட்டாள். "எனக்கு மட்டும் ஆசையா? அவரு, நீங்கன்னு ரெண்டு பக்கத்தையும் காப்பாத்தணும்னு பார்த்தேன். ஒண்ணைக் காப்பாத்தறதுக்கு ஒண்ணைத் தள்ள வேண்டியதாப் போச்சு. தள்ளியும் உனக்கும் ஒரு கல்யாணம் ஆகல."

"நீ உள்ளதைச் சொல்லியிருந்தா தம்பி யோசிச்சிருப்பான்மா. பாப்பா…"

சொல்லி முடிக்குமுன்பே தான் என்ன சொல்கிறோம் என்று அக்காவுக்கு உறைத்தது. பாப்பா பிறக்காமல் இருந்திருக்கலாம் என்றா? அம்மாவும் அதைக் கேட்டுவிட்டாள். இருவரும் மிச்சத் துணியை மடித்தார்கள். மடிக்க வேண்டியதில்லாத கைக்குட்டைகளையும் மடித்தார்கள்.

தாத்தாவுக்கு அறுபதில் வந்ததற்குப் பெயர் முதுமை. அப்பாவுக்கு நாற்பத்தைந்தில் வந்ததற்குப் பெயர் குடி. தம்பிக்கு முப்பத்து நான்கில் வந்ததற்குப் பெயர் வேலை டென்ஷன். அந்தந்த வயதில் எது பொருத்தமாக இருந்ததோ, அந்தச் சட்டையை எடுத்து மாட்டிவிட்டார்கள். டாக்டரிடம் மூன்று எண்களையும் கொண்டுபோய்க் கொடுத்தாள் அக்கா. டாக்டர் ஒரு படம் வரைந்து, கட்டங்களுக்குள் அவற்றை எழுதினார். நான்காவதாக ஒரு கட்டத்தில் அக்காவுக்கு நேரே கேள்விக்குறி போட்டார். பாப்பாவின் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. அவளுக்கு இப்போது சோதிக்கக் கூடாது, பதினெட்டு ஆனபின் வேண்டுமா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும் என்றார்.

அக்கா யோசிக்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டாள். அந்த ஐந்து மாதமும் கடையில் ஒரு ஸ்க்ரூ கை தவறி விழுந்தாலும் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள். கடைசியில் ரத்தம் கொடுத்தாள். முடிவு வந்தது. அவளுக்கு இல்லை.

தம்பியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினாள். அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். எழுந்து வந்து, ஆடுகிற கையால் அவள் தலையைப் பிடித்து ஆட்டினான். "அப்பாடா! ஒருத்தராவது தப்பிச்சோமே!" என்று உள்ளேயிருந்த மனைவியைக் கூப்பிட்டான். துளிப் பொறாமை இல்லாத சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். தம்பி லேபை விட்டுவிட்டான். பேச்சு குழறுகிறது, பழகியவர்களுக்குப் புரியும். பாப்பாவுக்குப் பதினைந்து. நோயின் பெயர் அவளுக்குத் தெரியும். தெரியவைத்தவள் அத்தைதான். சொல்லாதீங்க அண்ணி என்று தம்பி மனைவி எவ்வளவோ கெஞ்சினாள். இந்த வீட்டில் இனி எதற்கும் பொய்ப் பெயர் வேண்டாம் என்று அக்கா பிடிவாதமாக நின்றுவிட்டாள். அது சரிதானா என்று இன்றைக்கும் அவளுக்கு நிச்சயமில்லை. பாப்பா இப்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறாள்.

சென்ற வாரம் அக்கா தம்பியை மாத்திரை வாங்கக் கூட்டிப் போயிருந்தாள். மருந்துக் கடையில் வரிசை. நிற்க நிற்க அவன் ஒரு பக்கம் சாய்ந்து, முன்னால் நின்றவர்மேல் இடித்துவிட்டான். அந்த ஆள் திரும்பிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "காலையிலயே ஏத்திக்கிட்டு வந்துடறாங்க" என்றார்.

"அவன் குடிக்கல" என்றாள் அக்கா. "அது வியாதி."

"சரிம்மா, சரி. தெரியாது. ஸாரி."

"குடிக்கல. வாசனை வருதா? கிட்ட வந்து பாருங்க. ஒரு துளி குடிக்க மாட்டாரு. கால் தானா எழும்புது, அவர் வேணும்னு செய்யல…"

கடைக்காரர் மாத்திரையை எடுத்த கையோடு நின்றுவிட்டார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த ஆள் வாங்க வந்ததை வாங்காமலே நழுவித் தெருவில் இறங்கிவிட்டார். அக்காவால் நிறுத்த முடியவில்லை. குடிக்கல, குடிக்கல என்று அந்த வெற்று இடத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தம்பி அவள் முழங்கையைப் பிடித்தான். பிடி நிற்கவில்லை. மறுபடி பிடித்தான்.

"போதும்க்கா" என்றான் குழறலாக. "அவர் போயிட்டாரு."